கோணாத வட்டம்

பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், தணிகாசலம். மேலே போட்டால் விழுந்துவிடும், இந்த பஸ்ஸில் கம்பியெல்லாம் ஆட்டம். மில்லுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் மூன்று ஸ்டாப், அவ்வளவுதான்.

உங்களுக்கு ஜீப் அனுப்புவதாக இருந்தார்கள். நான்தான் வேண்டாம் என்று சொல்லி நானே கிளம்பி வந்தேன். ஜீப்பில் வந்தால் டிரைவர் சும்மா வரமாட்டான். புது பாய்லர் அட்டெண்டர் என்று தெரிந்தால் போதும், சவரிமுத்து கதையை ஆரம்பித்துவிடுவான். அந்த டிரைவர் பாய்லர் வீட்டுக்குள் கால் வைத்தவனே இல்லை. நான் அங்கே இன்ஸ்ட்ருமென்ட் ஃபோர்மேன். பெயர் திருஞானம். பேனலில் இருக்கிற ஒவ்வொரு முள்ளும் என் பொறுப்பு. நடந்ததை என் வாயால் கேட்பதுதான் உங்களுக்கு நல்லது.

சவரிமுத்து இருபத்திரண்டு வருஷம் பாய்லர் பார்த்தவன். போன கரும்பு அரவைப் பருவத்தில், தை மாதம், வேலையில் அடிபட்டு இறந்துபோனான். அவன் இடத்துக்குத்தான் உங்களை எடுக்கிறார்கள். நாளைக் காலை பாய்லருக்கு இளஞ்சூடு ஏற்றும் விழா. மதியம் இரண்டு மணி ஷிஃப்ட் உங்களுடையது. அதற்கு முன்னால் ஒரு கையெழுத்து இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அவன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. நான் எதையும் மனசில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

வேலையை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் எங்கள் பாய்லரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேலே டிரம்மில் தண்ணீர் பாதி நிற்க வேண்டும். ஏறினால் நீராவியோடு தண்ணீரும் டர்பைனுக்குப் போய்விடும். இறங்கினால் கீழே குழாய்கள் வெந்துவிடும். பேனலில் இருக்கிற கன்ட்ரோலர் அந்த மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும், தண்ணீர் வால்வைத் தானே திறக்கும், தானே மூடும். அதற்கு மூன்று எண் கொடுக்க வேண்டும். இப்போது இருக்கிற குறைக்கு எவ்வளவு அழுத்தமாகக் கைவைப்பது என்பது முதல் எண். குறை தீராமல் நீடித்தால் அதைச் சேர்த்து வைத்துக்கொண்டு மேலும் மேலும் தள்ளுவது இரண்டாவது. மட்டம் போகிற வேகத்தைப் பார்த்து முன்கூட்டியே கைவைப்பது மூன்றாவது. மூன்றும் சரியாக அமைந்துவிட்டால் மனிதனே தேவையில்லை. அட்டெண்டர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம்.

ஆனால் எங்கள் மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எங்கேயும் இப்படிக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பேனல் கதவின் உள்பக்கத்தில் மூன்று ஷிஃப்ட்காரர்களும் அவரவர் எண்களைச் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள். ஷிஃப்ட் மாறியதும் முதல் வேலை, போனவன் எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் போடுவது. வீட்டுக்குள் வந்ததும் சட்டையை மாற்றுவது மாதிரி. ஹயாத் பாஷா என்று காலை ஷிஃப்ட்காரர், அவர் எண்ணில் வால்வு ஆமை மாதிரி ஊர்ந்து போகும். ராத்திரி ஷிஃப்ட் அழகேசன், அவன் எண்ணில் வால்வு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடும். மதிய ஷிஃப்ட் சவரிமுத்து. அவனுக்கு ஒன்று போதாது, இரண்டு வரிசை எழுதி வைத்திருந்தான். 'கரும்பு ஓடும்போது' என்று ஒன்று, 'கரும்பு நிற்கும்போது' என்று ஒன்று. ஒரே பாய்லருக்கு இரண்டு எண் என்றால் என்ன அர்த்தம்? அவனுக்கே நிச்சயம் இல்லை என்றுதானே அர்த்தம்?

மட்டத்தை ஒரு வட்டத் தாளில் பேனா வரைந்துகொண்டே போகும். ஒரு நாளைக்கு ஒரு சுற்று. மட்டம் ஆடாமல் நின்றால் சுத்தமான வட்டம் விழ வேண்டும். எங்கள் தாளில் ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் ரம்பப் பல், ஒரு பக்கம் தையல் பிரிந்தது மாதிரி. சவரிமுத்து சாவதற்கு முந்தின வருஷம் ஜி.எம். ரவுண்ட்ஸ் வந்தவர் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"என்ன ஞானம், இது பாய்லர் சார்ட்டா, மூணு ஓரகத்தி சண்டை போட்டுக்கிட்டே போட்ட கோலமா?"

மாசி எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி. என்னைத் தவிரப் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இப்போதும் வரிசையாகச் சொல்வேன். ஷிஃப்டே இல்லாத நேரத்தில் லீவு எழுதிக் கொடுக்க வந்த சவரிமுத்துவும் சிரித்தான். துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். அதையெல்லாம் நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

அடுத்த கார்த்திகையில், பருவம் தொடங்குவதற்கு முன்னால் பாய்லரை ஓட்டிப் பார்த்தோம். கரும்பு இன்னும் வரவில்லை. பழைய சக்கை மிச்சம் கிடந்தது, அதைப் போட்டு நெருப்பு. வருகிற நீராவியைச் சும்மா வெளியே விட்டுக்கொண்டிருந்தோம். தொந்தரவு எதுவும் இல்லாத நேரம், அளவெடுக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஈரத் துணியை எடுத்தேன், கதவில் இருந்த சாக்பீஸ் எண்களையெல்லாம் துடைத்தேன். முறைப்படி ஆரம்பித்தேன்.

முறை என்னவென்றால், இரண்டாவது மூன்றாவது எண்களைச் சும்மா வைத்துவிட்டு முதல் எண்ணை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஒரு கட்டத்தில் மட்டம் ஆட ஆரம்பிக்கும். கூடாமல் குறையாமல், தூளி ஆடுவது மாதிரி ஒரே சீராக ஆடும். அங்கே நிறுத்தி, ஒரு ஆட்டத்துக்கு எத்தனை செகண்ட் என்று வாட்சில் பார்க்க வேண்டும். முதல் எண்ணில் பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும். மற்ற இரண்டும் அந்த செகண்டிலிருந்து வாய்ப்பாடு மாதிரி வந்துவிடும். உலகம் முழுக்கத் தெரிந்த முறை. நான் கண்டுபிடித்தது இல்லை.

சவரிமுத்து பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், காலி வண்டிய தரையில ஓட்டிப் பாத்துட்டு பிரேக் சரியா இருக்குன்றீங்க. பாரம் ஏறட்டும், மலை எறங்கட்டும், அப்பறம் சொல்லுங்க."

"நீ என்ன லாரி டிரைவரா, பாய்லர் அட்டெண்டரா?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார். ரெண்டுலயும் முன்னாடி ஒக்காந்திருக்கவன்தான் மொதல்ல சாவான்."

இப்படித்தான் பேசுவான். விளக்கு வைக்கிற நேரத்தில்கூட வாயில் நல்ல வார்த்தை வராது. எண்களைப் போட்டேன். பேனலைப் பூட்டினேன். கையால் வால்வை ஓட்டுகிற சுவிட்ச் ஒன்று உண்டே, அதற்கும் ஒரு பூட்டுப் போட ஜி.எம்.மிடம் ஆர்டர் வாங்கினேன். இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டுக் கையால் ஓட்ட ஆரம்பித்துவிடுவார்கள். சாவி என்னிடம். இனிமேல் சுத்தமான வட்டம்தான் விழும் என்று ஜி.எம்.மிடம் சொன்னேன். எழுதியே கொடுத்தேன்.

கரும்பு வந்தது. வந்த மூன்றாம் நாள் தாளைப் பார்த்தால், ஓரகத்திகள் கோலமே பரவாயில்லை போலிருந்தது.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. அரவை என்றால் நிற்கும், ஓடும். கரும்புக் கட்டு அடைத்துக்கொண்டால் மில் நிற்கும், எடுத்துவிட்டால் குபீரென்று நீராவியை இழுக்கும். அப்படி இழுக்கும்போது டிரம்மில் தண்ணீர் பால் பொங்குகிற மாதிரி பொங்கும். உள்ளே தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும், மட்டம் ஏறினதாகத் தெரியும். கன்ட்ரோலர் என்ன செய்யும்? நிறையத் தண்ணீர் இருக்கிறது என்று வால்வை மூடும். பொங்கினது அடங்கினதும் அடியில் ஒன்றும் இருக்காது. அப்புறம் பதறிக்கொண்டு திறக்கும். இதற்காகத்தான் அவன் இரண்டு வரிசை எழுதி வைத்திருந்தானாம். கரும்பு ஓடும்போது பொங்குவதை நம்பாத எண். அப்படி என்று ஹயாத் பாஷா பிற்பாடு சொன்னார். சவரிமுத்து என்னிடம் இதை ஒழுங்காக விளக்கிச் சொன்னதே இல்லை. நானாகப் போய்க் கேட்க முடியுமா?

ஒரு வாரம் எண்களை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். எழுதிக் கொடுத்தவன் நான். ஜி.எம். மறுபடி ரவுண்ட்ஸ் வருகிற நாள் நெருங்கியது. அப்போதுதான் அந்தத் திருகு ஞாபகம் வந்தது.

டிரம்மில் மட்டத்தை அளக்கிற கருவி இருக்கிறதே, அதில் ஒரு சின்னத் திருகு உண்டு. அளந்ததை உடனே சொல்லாமல், கொஞ்ச நேரம் சராசரி பார்த்து நிதானமாகச் சொல்ல வைப்பது. அது இரண்டு செகண்டில் இருந்தது. நான் பத்து வைத்தேன். தாள் கொஞ்சம் அடங்கியது. இருபது வைத்தேன். முப்பது வைத்த அன்றைக்குப் பேனா ஒரு வட்டம் போட்டது பாருங்கள், காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி. இன்னொரு லாபமும் கிடைத்தது. மட்டம் குறைந்தால் ஊதுகிற சங்கும் அதே அளவைத்தான் கேட்கும். ஒரு ஷிஃப்டுக்கு நாலு தடவை அலறிக்கொண்டிருந்தது, அதற்கப்புறம் மூச்சே விடவில்லை. பாய்லர் வீடே கோயில் மாதிரி ஆகிவிட்டது.

இதில் தப்பு என்ன சொல்லுங்கள். தண்ணீர் என்றால் வீணாகக் கொஞ்சம் தளும்பத்தான் செய்யும். தளும்புகிறதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? ஜி.எம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டுபோய்த் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். டைரக்டர்கள் வந்தபோது காட்டினார். "இது நம்ம ஞானம் போட்ட வட்டம்" என்றார்.

நாலாம் நாள் சவரிமுத்து வந்தான். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு.

"சார், மேல ஏறி டிரம் மட்டக் கண்ணாடியில பாத்தேன். தண்ணி ஒரு ஜாண் ஏறுது, ஒரு ஜாண் எறங்குது. கீழ பேப்பர்ல ஆடவே மாட்டேங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது."

"கண்ணாடி பழசு. அழுக்கு. உனக்கும் கண்ணு பழசு."

"கண்ணாடிக்குப் பொய் சொல்ல என்ன சார் இருக்கு? அதுக்கு ஜி.எம்.மா இருக்காரு?"

அங்கே இருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள். பெயர் சொல்லவில்லை, விடுங்கள்.

"எத்தன செகண்ட் வச்சிருக்கீங்க சார்?" என்று கேட்டான். அது உன் வேலை இல்லை என்றேன். போய்விட்டான். அன்றிலிருந்து ஷிஃப்ட் முழுக்கக் கால் மணிக்கு ஒரு தடவை ஏணியில் ஏறுவான், கண்ணாடியைப் பார்ப்பான், நோட்டில் எழுதுவான், இறங்குவான். ஐம்பத்தோரு வயசு. தொண்ணூற்றாறு படி. ஒரு நாளைக்கு முப்பது தடவை. என்னை அவமானப்படுத்துவதற்கென்றே ஒருவன் இவ்வளவு சிரமப்படுவானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. லாக் புத்தகத்தில் வேறு தினமும் ஒரு வரி: 'கைச் சுவிட்ச் சாவி ஃபோர்மேனிடம் உள்ளது.' தினமும் அதே வரி. அவனுக்கு மறக்கவே தெரியாது.

பொங்கலுக்கு நாலு நாள் வெட்டு ஆட்கள் வரவில்லை. அது முடிந்ததும் டிராக்டர் எல்லாம் ஒன்றாக வந்து நின்றது, கேட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும். காய்ந்த கரும்பு. மதிய ஷிஃப்ட் தொடங்கி ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று தடவை அடைத்தது. மூன்று தடவை நின்று ஓடியது. நான் அப்போது ஸ்டோரில் இருந்தேன். சாவி என் பாக்கெட்டில்தான் இருந்தது, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். சவரிமுத்து ஆள் அனுப்பினானாம். வந்தவன் என்னைத் தேடி ஒர்க்ஷாப்புக்குப் போய்விட்டான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மணி மூன்று நாற்பது. அவன் மேலே ஏறிக் கண்ணாடியைப் பார்த்திருக்கிறான். கண்ணாடியில் தண்ணீர் இல்லை. உங்களுக்கே தெரியும், முழுக்க நிறைந்த கண்ணாடியும் முழுக்கக் காலியான கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுதான். கோடு தெரியாது. கீழே இறங்கி வந்து தாளைப் பார்த்தால் வட்டம் சுத்தமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சங்கு ஊதவில்லை. புத்தி இருக்கிறவன் என்ன செய்வான்? பேனலை நம்புவான். இவன் சக்கை போடுவதை நிறுத்தினான், ஃபேனை நிறுத்தினான், யாரையும் கேட்கவில்லை. சக்கை தள்ளுகிறவர்கள் ஏழு பேர், "எல்லாம் வெளிய போங்கடா, ஓடுங்கடா" என்று விரட்டினான். எல்லோரும் போய்விட்டார்கள். அவன் மட்டும் மறுபடி ஏணியில் ஏறினான். கண்ணாடியின் அடிக் குழாயைத் திறந்து, காலியா நிறைவா என்று தெரிந்துகொள்ள ஏறினான்.

அப்போதுதான் கீழே பாய்லர் குழாய் வெடித்தது. உள்ளே இருந்த நீராவி எல்லாம் மேலே போனது.

பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தான். நான் போய்ப் பார்த்தேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன், சாப்பிடுகிற நிலையில் இல்லை. வாயைத் தவிர முகம் முழுக்கத் துணி. என் குரலைக் கேட்டதும் தலையை அசைத்தான். கிட்டே குனிந்தேன்.

"சார், வட்டம் கோணாம வந்துச்சா?"

"கோணவே இல்ல முத்து. கடைசி வரைக்கும் சுத்தமா வந்துச்சு" என்றேன்.

சிரித்தான். அவ்வளவு வலியிலும் சிரித்தான். அவன் மனைவி ஜெபமாலை பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள், அவளும் கேட்டாள். கடைசியில் ஒப்புக்கொண்டான் பார்த்தீர்களா? எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

மில் ஒரு கமிட்டி போட்டது. நானும் அதில் ஒருவன், பேனல் விஷயம் வேறு யாருக்குத் தெரியும்? தாளை மேஜையில் விரித்தோம். மூன்று நாற்பது வரை மட்டம் நடுவில் இருக்கிறது. எல்லோரும் பார்த்தார்கள். தண்ணீர் சரியாக இருந்திருக்கிறது, அட்டெண்டர் பதறிப்போய்ச் சட்டென்று நெருப்பை அணைத்திருக்கிறார், திடீரென்று ஆறின சுருக்கத்தில் குழாய் விரிசல் விட்டுவிட்டது என்று எழுதினோம். நான் எழுதவில்லை. நான் வாசகத்தைக் கொஞ்சம் திருத்தினேன். 'அலட்சியம்' என்று இருந்ததை 'அவசரம்' என்று மாற்றினேன். இறந்தவனுக்கு என்னால் ஆனது.

ஜெபமாலை அந்த நோட்டைக் கொண்டுவந்தாள். கமிட்டி முன்னால் வைத்துவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். நான்தான் எடுத்துப் பார்த்தேன். தேதி, மணி, எதிரே ஒரு வார்த்தை. 'மேல் கால்.' 'கீழ் அரை.' 'கீழ்.' 'காணோம்.' 'வந்தது.' 'காணோம்.' பக்கம் பக்கமாகக் காணோம், காணோம். இது என்ன போலீஸ் ஸ்டேஷனா? மனக்குறை உள்ளவன் எழுதினது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நோட்டு என் டிராயரில் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. சில நாள் மதியம் வேலை இல்லாதபோது எடுத்துப் பார்ப்பேன். கையெழுத்து அழகாக இருக்கும், அதனால்.

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்?

குழாய் எல்லாம் புதுசு. பயப்பட ஒன்றும் இல்லை. நான் சொன்ன கையெழுத்து இதோ இந்தத் தாளில்தான். பொறுப்பேற்புப் படிவம். 'நீர்மட்டக் கருவிகள் அனைத்தையும் நேரில் பார்வையிட்டேன், சரியாக உள்ளன.' அவ்வளவுதான். உங்கள் பெயர் டைப் பண்ணியிருக்கிறது. மில்லில் போய்ப் போட்டால் பத்துப் பேர் பத்துக் கதை சொல்லிக் குழப்புவார்கள். இங்கேயே போட்டுவிட்டால் இறங்கினதும் குவார்ட்டர்ஸ் சாவியை வாங்கிக்கொண்டு குளிக்கப் போகலாம்.

என்ன? கண்ணாடியா? அதைப் பார்க்க முடியாது. ஏணிக்குக் கதவு போட்டுப் பூட்டிவிட்டோம். ஒரு ஆள் அங்கே நின்று செத்த பிறகு இன்னொருவரை ஏற விடலாமா? அது உங்கள் பாதுகாப்புக்குத்தான்.

எண்களா? அதே எண்தான். முறைப்படி எடுத்த எண், அதை ஏன் மாற்ற வேண்டும்?

எத்தனை செகண்டா?

அவனும் இதைத்தான் கேட்டான். அவனிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். இப்போது நாற்பத்தைந்து. புதுக் குழாயில் கொஞ்சம் கூடுதலாகத் தளும்பும் என்று தோன்றியது.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? இது மில் ஸ்டாப் இல்லை. இங்கே ஒரு டீக்கடையும் ஒரு வேப்ப மரமும்தான். திரும்பிப் போகிற பஸ் நாலு மணிக்குத்தான் வரும். மேலே ஏறிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறீர்கள், அப்படித்தானே. சரி. உங்கள் இஷ்டம். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பையை மறந்துவிடாதீர்கள்.

உங்களுக்கு முன்னால் வந்தவரும் இதே ஸ்டாப்பில்தான் இறங்கினார். அதனால் எதுவும் நின்றுபோய்விடவில்லை. நாளைக் காலை ஒன்பதரைக்கு நல்ல நேரம், நெருப்புப் போட்டாக வேண்டும், கரும்பு வெட்டியாகிவிட்டது. சாயங்கால பஸ்ஸில் இன்னொருவன் வருகிறான், சங்கராபுரம் பக்கத்து ஆள். இரண்டு பெண் குழந்தைகள், எட்டு மாசமாக வேலை இல்லையாம். போனில் பேசினேன். நல்ல பையன். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.